விசைப்படகுக்கு ஹாரனும் மணியும்: கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள்

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பித்தளை மணி கிடக்கிறது. வாய் அகலம் 200 மில்லிமீட்டர். நாகப்பட்டினத்தில் புதுப் படகு கட்டியபோது, "கப்பல் மணி என்றால் இதுதான், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, சட்டப்படி இன்று எந்தப் படகுக்கும் அது தேவையில்லை, மணி தேவைப்படும் படகுக்கு அது போதவும் போதாது. இப்போது பேரப்பிள்ளைகள் அடித்து விளையாடுகிறார்கள்.

அந்த மணியோடு முடியவில்லை. ஹாரன் இரண்டு முறை வாங்கினேன், ஒயர் இரண்டு முறை இழுத்தேன், காப்பீட்டு அளவையாளர் இரண்டு முறை வந்து போனார். மொத்தம் நான்கு மாதம். புதிதாகப் படகு கட்டுகிறவர்களும் பழைய படகை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மீன்பிடிப் படகை வைத்தே சொல்கிறேன். சரக்கேற்றும் பெரிய தோணிக்கும் கப்பலுக்கும் அடிப்படை விதி இதேதான், அளவு மட்டும் பெரிது.

1. படகின் மொத்த நீளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

எல்லாமே நீளத்தில்தான் நிற்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், அதாவது கப்பல்காரர்கள் கோல்ரெக் என்று சொல்பவை, எந்தப் படகுக்கு என்ன ஒலிக்கருவி என்பதை நீளத்தை வைத்துத்தான் பிரிக்கின்றன. அந்த நீளம் 'மொத்த நீளம்'. அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், நுனியிலிருந்து பின்பக்கத்தின் கடைசி வரை.

முதல் பொறி இங்கேதான். பதிவுச் சான்றிதழில் ஒரு நீளம் எழுதியிருக்கும். அது எங்கிருந்து எங்கே அளந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் காகிதத்தில் 19.2 மீட்டர். கட்டுமானத் தளத்தில் பேசிய கணக்கு 65 அடி. அணியத்தைக் கொஞ்சம் முன்னே தூக்கிச் சாய்த்தால் அலையில் நன்றாக ஏறும் என்று மேஸ்திரி சொன்னார், நானும் தலையாட்டினேன். கடைசியில் அளந்தால் 66 அடி 3 அங்குலம், அதாவது 20.19 மீட்டர்.

அந்தப் பதினைந்து அங்குலம் எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வைத்தது. எல்லைக்கோடு 20 மீட்டர். அடிக்கணக்கில் 65 அடி 7 அங்குலம். 65 அடிப் படகு 19.81 மீட்டர், கோட்டுக்கு இந்தப் பக்கம். 66 அடிப் படகு 20.12 மீட்டர், அந்தப் பக்கம். நம் தளங்களில் இரண்டையும் ஒரே மாதிரி "அறுபத்தைந்து அடி லாஞ்ச்" என்றுதான் சொல்வார்கள். இன்னொரு கோடு 12 மீட்டர், அதாவது 39 அடி 4 அங்குலம்.

அளக்கும் முறை: படகு கரையில் ஏற்றி மட்டமாக நிற்கும்போது அணிய நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்பக்கக் கடைசியிலிருந்து இன்னொன்று. இரண்டு குண்டும் தரையைத் தொடும் இடத்தைக் குறித்து, தரையில் நேராக நாடாவை இழுங்கள். மேல்தளத்தின் விளிம்போடு நாடாவைப் பிடித்தால் விளிம்பின் வளைவும் சேர்ந்து நீளம் கூடிவிடும். நாடா தொய்யக் கூடாது, இரும்பு நாடாவாக இருந்தால் நல்லது. அளந்ததை ஒரு தாளில் எழுதி, படகு கட்டியவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இந்தத் தாள் பின்னால் மூன்று இடங்களில் உதவும்.

படகு இன்னும் கட்டப்படவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். வரைபடத்திலேயே மொத்த நீளத்தைக் கேளுங்கள். 20 மீட்டருக்கு அருகில் வருகிறது என்றால், உண்மையிலேயே அந்த ஓரடி வேண்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள். மேஸ்திரி சொன்னார் என்று தலையாட்டாதீர்கள்.

2. உங்கள் படகுக்கு என்ன வேண்டும்

12 மீட்டருக்குக் குறைந்த படகு: நம் கண்ணாடியிழை வள்ளங்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். விதிப்படியான ஹாரனோ மணியோ கட்டாயமில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாமல் போகலாம் என்று இதற்குப் பொருள் அல்ல, திறம்பட ஒலி எழுப்பும் ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும். எந்தக் கருவி என்று விதி பெயர் சொல்லவில்லை. ஊதத் தெரிந்தவர் கையில் ஒரு சங்கு இருந்தால் அதுவும் வழிதான். ஆனால் பார்வை மங்கிய நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விடாமல் ஊத மூச்சு வேண்டுமே. சின்ன மின் ஹாரன் ஒன்றை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

12 மீட்டர் முதல் 20 மீட்டருக்குள்: ஹாரன் கட்டாயம். மணி வேண்டாம்.

20 மீட்டரும் அதற்கு மேலும்: ஹாரன், மணி இரண்டும் கட்டாயம்.

100 மீட்டரும் அதற்கு மேலும்: இவற்றோடு சேகண்டி போன்ற ஒரு தட்டும் வேண்டும். அதன் ஓசை மணியோசையோடு குழம்பாதபடி வேறாகக் கேட்க வேண்டும். நமக்கு இது தேவைப்படாது.

இரண்டாவது பொறி: பழைய புத்தகங்களிலும், பழைய பாடம் படித்தவர்கள் வாயிலும், "12 மீட்டருக்கு மேல் மணி வேண்டும்" என்றே இருக்கும். அப்போது 12 முதல் 20 மீட்டர் வரையுள்ள படகுக்கு 200 மில்லிமீட்டர் மணி போதுமென்று இருந்தது. 2001-இல் திருத்தம் கொண்டுவந்து, 2003 நவம்பர் 29 முதல் மணி 20 மீட்டரிலிருந்துதான் என்று மாற்றிவிட்டார்கள். என் திண்ணை மணி அந்தப் பழைய கணக்கில் பிறந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கடைகளில் விற்கிறது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, கேட்கிற ஆள் இருக்கிறார், விற்கிறார்.

3. ஹாரன்: சத்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

விதிப்புத்தகத்தில் 'விசில்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு உயிர்காப்புச் சட்டையோடு வரும் பிளாஸ்டிக் ஊதியைக் காட்டி "விசில் இருக்கிறது" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். விதி சொல்லும் விசில், குறித்த நீளத்தில் ஊதலை எழுப்பக்கூடிய, அந்த விதிகளின் மூன்றாம் இணைப்பில் சொல்லியிருக்கும் அளவுகளுக்குப் பொருந்துகிற கருவி. நாம் ஹாரன் என்றே சொல்வோம்.

கடையில் கேட்க வேண்டியவை மூன்று: அதிர்வெண், ஒலியளவு, எத்தனை மீட்டரில் அளந்தது.

அதிர்வெண்: 75 மீட்டருக்குக் குறைந்த எல்லாப் படகுக்கும் அடிப்படை அதிர்வெண் 250 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். பெரிய கப்பலுக்குக் கீழ்க்குரல், சின்னப் படகுக்கு மேல்குரல் என்பது இதன் கணக்கு. 200 மீட்டர் கப்பல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் உறுமும். இருட்டில் குரலைக் கேட்டே வருவது பெரிதா சிறிதா என்று அனுபவசாலிகள் ஊகிப்பது இதனால்தான். கப்பல் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கனத்த குரல் ஹாரன் வாங்காதீர்கள்.

ஒலியளவு: 20 மீட்டரிலிருந்து 75 மீட்டருக்குள் 130 டெசிபல், ஏறக்குறைய ஒரு கடல் மைல் கேட்கும். 20 மீட்டருக்குக் குறைந்தால் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும்: 180 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை 120 டெசிபல், 450 முதல் 800 வரை 115, 800 முதல் 2100 வரை 111. அரை கடல் மைல் கேட்கும். 120-க்கும் 130-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. விலை ஏன் அப்படித் தாவுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொன்று, இந்த மைல் கணக்கு காற்றில்லாத அமைதியான நேரத்துக்கு. எதிர்க்காற்றில் பாதிகூடக் கேட்காமல் போகலாம்.

அளந்த தூரம்: மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தவை. லாரிக்கான காற்று ஹாரன் பெட்டியில் "150 டெசிபல்" என்று பெரிய எழுத்தில் இருக்கும், எத்தனை மீட்டரில் என்று இருக்காது. அப்படிப்பட்ட எண்ணுக்கு மதிப்பே இல்லை. கைப்பேசிச் செயலியில் அளந்து பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அவ்வளவு பெரிய சத்தத்தைக் கைப்பேசியின் ஒலிவாங்கி சரியாகக் காட்டாது. நான் அளந்தபோது ஹாரனை ஊதினாலும் மகன் பக்கத்தில் நின்று கத்தினாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது.

வாயு அடைத்த டப்பா ஹாரன் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு உதிரியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. மங்கிய பார்வையில் வலையிழுக்கும் படகு இரண்டு நிமிடத்துக்கு மூன்று ஊதல் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 90. டப்பா எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெயிலிலும் என்ஜின் அறையிலும் வைக்கவே கூடாது.

4. பொருத்துவதும் ஒயர் இழுப்பதும்

ஹாரனை முடிந்த அளவு உயரத்தில் வையுங்கள். படகை ஓட்டுகிறவர் நிற்கும் சக்கர அறையின் கூரை போதும். வாய் நேரே முன்னோக்கி இருக்க வேண்டும். முன்னால் கொடிமரம், விளக்குக் கம்பம், சுருட்டிய வலை எதுவும் மறைக்கக் கூடாது. வாய் லேசாகக் கீழே சாய்ந்திருந்தால் மழைநீர் தேங்காது.

உயரத்தில் வைக்கச் சொல்வதற்கு உங்கள் காதும் ஒரு காரணம். காவல் நிற்கும் இடத்தில் சொந்த ஹாரனின் சத்தம் 110 டெசிபலைத் தாண்டக் கூடாது, முடிந்தவரை 100-க்குள் இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. என் மின்பணியாளர் முதலில் சக்கர அறைச் சன்னலுக்கு நேர் மேலே பொருத்திவிட்டார். ஒரு முறை ஊதியதும் டிரைவர் அன்றைக்கு முழுவதும் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திசைகாட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். மின் ஹாரனுக்குள் காந்தம் இருக்கிறது. நல்ல கருவியின் கையேட்டில் திசைகாட்டியிலிருந்து விலக வேண்டிய தூரம் எழுதியிருக்கும்.

இப்போது ஒயர். என் இரண்டாவது ஹாரன் கடையில் சிங்கம் போல ஒலித்தது, படகில் ஆடு போலக் கத்தியது. மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன். குற்றம் ஹாரனில் இல்லை. பேட்டரியிலிருந்து கூரை வரை ஒயர் 15 மீட்டர், போகவும் வரவும் 30 மீட்டர். மின்பணியாளர் போட்டது வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 8 ஆம்பியர் இழுக்கும் ஹாரனுக்கு அந்த ஒயரிலேயே 2.75 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் கிளம்பி ஒன்பதேகால்தான் மேலே போய்ச் சேரும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட்தான். ஒயரை மாற்றியதும் சிங்கம் திரும்பி வந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே போடுங்கள், உப்புக் காற்றில் வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும். தனி ஃபியூஸ், தனி ரிலே. மீன் கண்டறியும் கருவியோடும் விளக்குகளோடும் ஒரே ஃபியூஸில் சேர்க்காதீர்கள். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்: இரண்டு நிமிடத்துக்கு ஏழு வினாடி ஊதினால் ஒரு மணி நேரத்தில் அரை ஆம்பியர்-மணிகூட ஆகாது.

காற்றில் இயங்கும் ஹாரன் என்றால் கம்ப்ரஸர், தொட்டி, குழாய் என்று வேலை கூடும். தொட்டியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட ஆள் வேண்டும். எங்கள் அளவுப் படகுக்கு மின் ஹாரன் போதும் என்பது என் கருத்து.

5. மணி: 20 மீட்டரைத் தொட்டவர்களுக்கு மட்டும்

வாயின் குறுக்களவு 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபலுக்குக் குறையாமல் ஒலிக்க வேண்டும். உப்பு அரிக்காத உலோகம், தெளிவான நாதம். நாக்கின் எடை மணியின் எடையில் 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நான் வாங்கிய இரண்டாவது மணி 14 கிலோ. நாக்கு குறைந்தது 420 கிராம் இருக்க வேண்டும். வந்தது 280 கிராம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், நாக்கை மாற்ற இன்னொரு பயணம். ஆகவே வார்ப்பவரிடமே மணியின் எடை, நாக்கின் எடை இரண்டையும் தனித்தனியே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே வாங்குவது? நாகைப் பக்கத்தவர்களுக்கு நாச்சியார்கோயில் தொலைவில்லை. குத்துவிளக்கும் மணியும் வார்க்கிற பட்டறைகள் அங்கே இருக்கின்றன. கோயில் மணி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அளவும் எடையும் ஒலியும் பொருந்தினால் மணி மணிதான். ஆனால் கோயில் மணி சங்கிலியில் தொங்கி வீசி ஆடும்படி இருக்கும், ஆடுகிற படகில் அது தானாகவே அடித்துக்கொண்டிருக்கும். உறுதியான கொக்கியும், நாக்கில் பிடித்து அடிக்கக் கயிறும் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். பித்தளையைவிட வெண்கலத்துக்கு நாதம் நீளும். விலையும் நீளும்.

குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்திலிருந்து வரும் பழைய கப்பல் மணிகளும் விற்பனைக்கு வருகின்றன. நல்ல உலோகம். வாங்கும்போது தொங்கவிட்டு அடித்துக் கேளுங்கள், விரிசல் இருந்தால் ஓசை உடைந்து, உடனே அடங்கிவிடும். வேறு கப்பலின் பெயர் பொறித்திருக்கும், அதோடு வந்த பழைய சான்றிதழ் உங்கள் படகுக்குச் செல்லாது.

மணிக்குப் பதிலாக மின்னணு மணியோசைப் பெட்டி வைக்கலாம், விதியில் இடமுண்டு. ஆனால் அதே ஓசைத் தன்மை இருக்க வேண்டும், எந்நேரமும் கையாலும் அடிக்க முடிய வேண்டும். மின்சாரம் போனால் ஊமையாகும் பெட்டி செல்லாது. யோசித்துப் பார்த்தால் மணியே மலிவு.

6. காகிதங்கள்

கருவி, அதன் செயல்திறன், பொருத்திய விதம் மூன்றும் படகு எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறதோ அந்த நாட்டு அதிகாரத்துக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது விதி. பொருள் இருந்தால் மட்டும் போதாது, இருப்பதைக் காட்டக் காகிதமும் வேண்டும். ஆய்வுக்கு வருகிற எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. ஒருவர் கேட்காததை அடுத்தவர் கேட்பார். கீழே இருப்பதை ஒரே கோப்பில் வைத்துவிட்டால் யார் வந்தாலும் எடுத்து நீட்டலாம்.

மொத்த நீளத்தை அளந்த தாள், படகு கட்டியவர் கையெழுத்தோடு.

ஹாரனுக்கான பில். உங்கள் பெயர், படகின் பதிவு எண், கருவியின் மாடல், வரிசை எண் நான்கும் அதில் இருக்க வேண்டும். "ஹாரன் ஒன்று" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

வகை ஒப்புதல் சான்றிதழ். ஐ.ஆர்.எஸ். எனப்படும் இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்பாட்டு நிறுவனங்கள் கருவிகளைச் சோதித்துக் கொடுப்பது இது. இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். கொடுத்த நகல் பளபளவென்று இருந்தது, முத்திரை இருந்தது. அளவையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சான்றிதழில் இருந்த மாடல் வேறு, கூரையில் இருந்த மாடல் வேறு. அதுவும் காலாவதியாகி எட்டு மாதம். மாடல் எண், செல்லுபடி நாள், படகு நீள வகுப்பு ஆகிய மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பிடுங்கள், கொடுத்த பிறகு ஒப்பிட்டுப் பயனில்லை.

மணிக்கு, வார்ப்பவர் தமது தாளில் எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பு: உலோகம், வாய்க் குறுக்களவு, மணியின் எடை, நாக்கின் எடை. ஒலியளவுச் சோதனை அறிக்கையும் வேண்டுமா என்று ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் நாச்சியார்கோயில் மணியை விட்டுவிட்டுச் சான்றிதழோடு வரும் மணியை வாங்குவதுதான் மலிவாக முடியும்.

பொருத்திய பிறகு எடுத்த படங்கள். ஹாரன் கிட்டத்தில் ஒன்று, படகின் எண் தெரியும்படி தூரத்தில் ஒன்று.

மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகும்போது அவர்களுடைய பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன பட்டியல் ஒவ்வொரு முறையும் நீளும்.

7. செலவும் நாள் கணக்கும்

இவை எனக்கு ஆன செலவு. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

முதலில் வாங்கிய, சான்றிதழ் இல்லாத இரட்டைக் குழல் ஹாரன் 4,800 ரூபாய். அடுத்து வாங்கிய, மாடல் மாறிய சான்றிதழோடு வந்தது 36,000. அதே கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 20 மீட்டருக்கு மேற்பட்ட வகுப்புக்கு வரவழைத்துக் கொடுத்தது 1,18,000. திண்ணை மணி 6,500. நாச்சியார்கோயில் மணி கிலோ 1,050 ரூபாய்க் கணக்கில் 14,700, தாங்கியும் கொக்கியும் 2,200. ஒயர் இரண்டாம் முறை இழுக்க 7,000-க்குக் கொஞ்சம் மேல். முதலிலேயே நாடாவைப் பிடித்திருந்தால் திண்ணை மணியும் முதல் ஹாரனும் மிச்சம். படகை 65 அடியிலேயே நிறுத்தியிருந்தால் பெரிய ஹாரனே வேண்டியிருக்காது. இதை என் மனைவி இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் நினைவூட்டுகிறாள்.

நாள் கணக்கில் மீன்பிடித் தடைக்காலத்தை மறக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லாப் படகும் கரையேறும், எல்லோருக்கும் அப்போதுதான் மின்பணியாளர் வேண்டும், படகுகளின் ஆண்டு ஆய்வும் அந்த நேரத்தில்தான் வரும். நான் மே முதல் வாரத்தில் ஹாரனுக்கு ஆர்டர் சொன்னேன். ஆய்வு நாளில் கூரையில் வெறும் துளைதான் இருந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் பிப்ரவரியிலேயே ஹாரனைச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது என்றால் எனக்கு ஆனது ஒன்பது வாரம். மணி வார்க்க மூன்று வாரம், இடையில் கோயில் குடமுழுக்கு வேலை வந்துவிட்டால் நம் மணி பின்னுக்குப் போகும். தடைக்காலத்தில் பொருத்தும் வேலை மட்டும் மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே கப்பல் மோதி 'ஓஷியானிக்' படகு மூழ்கியது. அதில் போனவர்களில் பலர் குமரி மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். கப்பல் வரும் தடத்தில் வலைபோடுகிற யாருக்கும் இந்தப் பயம் உண்டு. ஹாரன் ஒன்றே காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். மூடிய கண்ணாடிக்குள் நிற்கும் கப்பல் அதிகாரிக்கு நம் சத்தம் எட்டும் என்பதற்கு உறுதியில்லை. விளக்கும் வயர்லெஸ்ஸும் கூடவே வேண்டும். ஆனால் ஹாரன் இருந்தும் எதை ஊதுவது என்று தெரியாமல் நிற்பது கொடுமை.

குறுகிய ஊதல் என்றால் ஏறக்குறைய ஒரு வினாடி. நீண்ட ஊதல் 4 முதல் 6 வினாடி. மழையோ மூடுபனியோ பார்வையை மறைத்தால், பகலானாலும் இரவானாலும், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகு ஒரு நீளம், இரண்டு குறுகியது. இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நங்கூரமிட்டு மீன்பிடித்தாலும் இதேதான். மீன்பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நீளம். ஓட்டத்தை நிறுத்தி மிதந்தால், நடுவே இரண்டு வினாடி விட்டு இரண்டு நீளம். மீன்பிடிக்காமல் நங்கூரத்தில் நின்றால் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து வினாடி மணியை விடாமல் அடிக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் மணி வாங்கியது இதற்குத்தான்.

எதிரே கப்பல் கண்ணுக்குத் தெரியும்போது: வலப்பக்கம் திரும்புகிறேன் என்றால் ஒன்று, இடப்பக்கம் என்றால் இரண்டு, என்ஜின் பின்னோக்கி ஓடுகிறது என்றால் மூன்று, எல்லாம் குறுகியவை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று புரியவில்லை என்றால் ஐந்து குறுகிய ஊதல், வேகமாக. மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஐந்தை உங்கள் ஆட்கள் மறக்கக் கூடாது.

விடாமல் ஊதிக்கொண்டே இருப்பது ஆபத்து உதவிக்கான சைகை. பண்டிகைக்கும் படகு வெள்ளோட்டத்துக்கும் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடாத பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹாரன் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு குறுகிய ஊதல் கொடுத்துப் பாருங்கள். பத்து நாள் சும்மா நின்ற படகு என்றால் அதற்கு முன் ஹாரன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும்.